தாய்மாமனுக்கு ஆகாது

அத்தையை ஐந்தாம் மாதத்தில் அழைத்து வந்தது பாவு பிணைப்பதற்காக இல்லவே இல்லை என்று அம்மா கடைசிவரை சாதித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு போய், மாசமாக இருக்கிற பெண்ணை உட்காரவைத்து, வாய்க்கு ஒரு பிடி ஊட்டி, நாலு நாள் பிறந்த வீட்டில் இருக்கட்டும் என்று கூட்டி வருவது முறை. அந்த முறைக்குத்தான் போனோம். புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் தயிர்ச்சோறும் தூக்குகளில் குலுங்க, ஓரிக்கையில் அத்தையின் புகுந்த வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் அம்மாவும் நானும் போனோம். ஆனால் அதே வாரம் எங்கள் வீட்டுத் தறிக்குப் புதுப் பாவு, சேலைக்கான நீளவாட்டு இழைக்கட்டு, வந்து சுருட்டிக் கிடந்தது. அதைப் பிணைக்க வழக்கமாக வருகிற பெண்ணுக்குக் காய்ச்சல். அத்தையோ, கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தெருவிலேயே பாவு பிணைப்பதில் பேர் வாங்கியவள். இவையெல்லாம் ஒரே வாரத்தில் கூடி வந்தது தற்செயல். எங்கள் வீட்டில் தற்செயல்கள் எப்போதும் அப்பாவுக்கு வசதியாகத்தான் நடக்கும்.

அப்பாவுக்கு அத்தை ஒரே தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் அத்தைக்குத் தாய் வீடு என்று இருந்தது, தாய் இல்லாத எங்கள் வீடுதான். கல்யாணமாகி எத்தனையோ ஆடியும் தையும் பார்த்த பிறகு உண்டான வயிறு அது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. வயிறு என்றால் அது சோறு உள்ளே போவதற்கான இடம் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். அதிலிருந்து ஒரு ஆள் வெளியே வரப்போகிறது என்றதும், அத்தையை விட்டு நான் நகரவே இல்லை.

நெய்து தீரப்போகும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்க்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது, தறியில் சீப்பு மாதிரி இருக்கிற பண்ணையின் பல்லுக்குள் முடிச்சு நுழையாது. சாம்பல் தொட்ட விரல்களுக்கிடையில் இரண்டு நுனியையும் வைத்து ஒரே ஒரு முறுக்கு, அவ்வளவுதான். தனி இழை கண்ணில் படாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், அத்தை காற்றை எடுத்துக் காற்றோடு சேர்த்து முறுக்குவதைப் போலிருக்கும். முறுக்கி, விட்டு, அடுத்ததை எடுத்து, முறுக்கி, விட்டு. ஆயிரக்கணக்கில் இழைகள். அத்தைக்கு முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்திருந்தாள் அம்மா. மடியில் வயிறு இன்னொரு தலையணை மாதிரி இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தெருப் பெண்கள் வந்துவிடுவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அத்தையின் வயிற்றை ஒரு பார்வை, பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரிய அனுபவசாலி போலப் பேசுவாள். அவளுக்கே அது முதல் குழந்தைதான்.

“எனுக்கு அஞ்சாம் மாசத்துல சாம்பல துன்னணும்னு அப்படி ஒரு ஆச. அடுப்பாண்ட போவவே வுடமாட்டாரு எங்க வூட்டுக்காரரு. உனுக்கு இன்னாம்மா, கையிலயே வெச்சிக்கினு இருக்குற.”

அத்தை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து விரல் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டாள். எல்லோரும் பார்த்தார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

“உள்ள மீன் துள்ளுறாப்புல இருக்குதுக்கா,” என்று அத்தை மெதுவாகக் கேட்டாள். “அது கொழந்தையா, இல்ல வாயுவா?”

“சாப்ட்டப்பறம் துள்ளுச்சுன்னா வாயு. சும்மா இருக்கும்போது துள்ளுச்சுன்னா கொழந்த.”

“எப்பவுமே துள்ளுதே.”

“அப்ப உன் மாமியார நெனச்சு துள்ளுது.”

மறுபடியும் சிரிப்பு. நெஞ்செரிச்சல் இருந்தால் குழந்தைக்குத் தலைமுடி அடர்த்தி என்றார்கள். வயிறு பக்கவாட்டில் விரிந்தால் பெண், முன்னால் குவிந்தால் ஆண் என்றார்கள். அவரவர் பட்டதை அவரவர் எடுத்துப்போட்டார்கள், சந்தையில் கடை விரிப்பதைப் போல. கால் வீங்கியது, வாந்தியெடுத்தது, புருஷன் பக்கத்தில் வந்தாலே நாறியது. அம்மா என்னை வயிற்றில் வைத்திருந்தபோது ஈரச் செங்கல் வாசனைக்காகத் தெருமுனையில் யாரோ வீடு கட்டுகிற இடத்தில் போய் நின்றாளாம். எனக்கு அது புதுச் செய்தி. நான் செங்கல்லால் ஆனவள் என்று அன்றைக்கு முழுவதும் நினைத்துக்கொண்டேன்.

சிரிப்போடு சிரிப்பாகத்தான் அத்தை அதைச் சொன்னாள். தலை நிமிரவில்லை, விரல்கள் நிற்கவில்லை.

“அங்க இன்னும் தறியிலதான் ஒக்காருறேன் அண்ணி. குழியில எறங்கி ஒக்காந்தா படமரம் நேரா வயித்துல இடிக்குது. பலகை அடிக்கும்போதெல்லாம் ஒரு இடி. மாமியார்கிட்ட சொன்னா, நான் நாலு பெத்தேன், நாலையும் படமரந்தான் தாலாட்டுச்சுன்றாங்க.”

நெய்த சேலையைச் சுருட்டிக்கொள்ளும் மரம் அது. நெய்கிறவரின் மடிக்கு மேலே, வயிற்றுக்கு எதிரே, குறுக்காக நிற்கும். அப்பாவின் வயிற்றிலேயே அது உரசிய இடம் கறுத்துக் காய்த்திருந்தது. அங்கே இருந்த பெண்களில் பாதிப் பேர் அந்த மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள். அவர்கள் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மாதான் சொன்னாள். “நீ போவாதடி. பெத்துக்கினு அப்பறமா போவலாம்.”

“அதுக்கு அண்ணன் சொல்லணுமே, அண்ணி.”

அண்ணன் சொன்னார். அன்று சாயங்காலம், பாவில் கால்வாசி சேர்ந்திருந்ததை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, மிகவும் தாராளமாகவே சொன்னார். “இரு. இது உன் வூடு. எவன் வந்து கேட்டுடப் போறான்?”

அத்தை அழுதாள். அழுதுகொண்டே என்னைப் பார்த்து, “அதுக்கு நீதான் அக்கா, தெரியுதா? நீதான் தூளி ஆட்டணும்,” என்றாள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி.

மறுநாள் காலையில் அம்மா பரணிலிருந்து பழைய வேட்டிகளையும் நூல் சேலைகளையும் இறக்கினாள். பிறக்காத பிள்ளைக்குப் புதுசு வாங்கக் கூடாது. பழசில்தான், பலபேர் உடம்பில் துவண்டு மெத்தென்று ஆன துணியில்தான் அது வந்து விழ வேண்டும். அம்மா கிழித்தாள், நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். துணி கிழிகிற சத்தம் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கிழித்ததையெல்லாம் வெந்நீரில் அலசிக் கொடியில் போட்டோம். தூளி எங்கே கட்டுவது என்று அத்தை உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அடுப்பறைப் பக்கம் புகை வரும் என்றாள். வாசல் பக்கம் வெயில் என்றாள். கடைசியில் தறிக்குப் பக்கத்து உத்தரத்தைக் காட்டினாள். “இந்தச் சத்தம் கேட்டாத்தான் அதுக்குத் தூக்கம் வரும் அண்ணி. உள்ளயே கேட்டுக் கேட்டு பழகிப்போச்சு.” அப்பா ஏணி போட்டு ஏறி, இரும்புக் கொக்கியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அவர் தொங்கியதைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு, அந்த வீட்டில் அதற்குப் பிறகு கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எதிர்வீட்டுப் பெரியம்மா அந்த மத்தியானம்தான் வந்தார். ஏதோ கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தவர். தெருவில் எது நல்லது, எது கெட்டது என்று பெரியம்மா சொல்லித்தான் சாமிக்கே தெரியும். உள்ளே வந்தார், தறிக்கு முன்னால் இருந்த அத்தையைப் பார்த்தார், அவள் விரல்களைப் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையை அவசரமாக ஓரம் கட்டினார்.

“அடிப்பாவிங்களா! மாசமா இருக்குறவளையா முறுக்குப் போட வெச்சிருக்கீங்க? இங்க முறுக்க முறுக்க, அங்க உள்ள கொழந்த கழுத்துல தொப்புள்கொடி சுத்திக்கினே இல்ல போவும்?”

தெலுங்குக்கார அக்கா அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். “போனா இன்னா பெரிம்மா, டாக்டரம்மா எடுத்துவுட்டுட மாட்டாங்களா?”

“எடுத்துவுடுவாங்க, எடுத்துவுடுவாங்க. கொழந்தைக்கு ஒண்ணும் இல்லடி. கொடி சுத்திப் பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாது.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். ஏன் அவரைப் பார்க்கிறார்கள் என்று நானும் பார்த்தேன். அப்பா இன்னொரு மூலையில் உட்கார்ந்து ஜரிகைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார், பிரித்தது அப்படியே கையில் நின்றது.

எனக்குத் தாய்மாமன் என்றால் ஒருவர்தான். அம்மாவின் தம்பி, தென்னேரியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், வரும்போதெல்லாம் நுங்குக் குலையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வருகிறவர். ஆகாது என்ற சொல்லும் எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது, சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். ஆகவே, அத்தையின் குழந்தை கழுத்தில் எதையோ சுற்றிக்கொண்டு பிறந்தால் தென்னேரி மாமாவுக்கு உடம்பு முழுக்கத் தடித்துப்போகும் என்று எனக்கு விளங்கியது. எப்படி என்று விளங்கவில்லை. ஆனால் பெரியவர்கள் சொல்வதில் எதுதான் முழுசாக விளங்கியது?

இன்றைக்கு, பிற்பாடு பிறந்த என் தங்கையின் மகள் ஐந்தாம் மாத வயிற்றோடு செவிலிமேட்டில் இருந்து தினமும் எனக்கு போன் செய்கிறாள். மாசமான பெண்களாகவே சேர்ந்து வாட்ஸாப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வாந்தி, கால் வீக்கம், மாமியார் என்று எல்லாவற்றையும் அங்கே கொட்டுகிறார்கள். “ஸ்கேன்ல கழுத்துல கொடி சுத்தியிருக்குதாம் பெரிம்மா. நெறைய பேருக்கு அப்படித்தானாம், தானா சுத்திக்குமாம், தானா கழண்டுக்குமாம்,” என்று பல் துலக்கிக்கொண்டே சொல்கிறாள். வாயில் நுரையோடு சொல்லிவிடக்கூடிய செய்தி. அதைச் சொல்ல அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவர்கூட இல்லை.

அத்தை கையைப் பாவிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். அப்பா எழுந்து வந்தார். அத்தையைப் பார்க்கவில்லை, பாவைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பாதிக்கு மேல் சேர்ந்திருந்தது. பாதியில் வேறு கை வந்தால் முறுக்கின் இறுக்கம் மாறும், இழுக்கும்போது இழைகள் வழுக்கிப் பிரியும் என்பது நெசவு தெரிந்த யாருக்கும் தெரியும். ஆவணி முகூர்த்தத்துக்குக் கேட்டிருந்த சேலை அது.

“கொஞ்சந்தானே இருக்குது,” என்றார் அப்பா. “முடிச்சுடு. அப்பால நூலையே தொடாத.”

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரியம்மா ஓரம் கட்டிய வெற்றிலையை மறுபடி மெல்லத் தொடங்கினார். அத்தை சாம்பலைத் தொட்டுக்கொண்டு குனிந்தாள். விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட்டாள். ஓர் இழைகூட வழுக்கவில்லை.

அதற்கு மறுநாளிலிருந்து அப்பா தன் தங்கையைக் கவனித்துக்கொண்ட கவனிப்பைப் போல் ஊரில் எந்த அண்ணனும் கவனித்திருக்க மாட்டான். அவள் பூத் தொடுக்கக் கூடாது. சடை பின்னக் கூடாது, அம்மாதான் பின்ன வேண்டும், அதுவும் தளர்த்தியாக. முந்தானையில் சில்லறையை முடிந்துகொள்ளக் கூடாது. பாயைச் சுருட்டக் கூடாது. கோயிலுக்குப் போகலாம், சாமி கும்பிடலாம், பிரகாரம் சுற்றக் கூடாது. தெலுங்குக்கார அக்கா ஒரு தட்டில் முறுக்குச் சுட்டுக் கொண்டுவந்தாள். அப்பா அதையும் விடவில்லை, தட்டோடு திருப்பி அனுப்பினார். அத்தையைக் காவல் காக்கும் வேலை எனக்கு. தென்னேரி மாமாவின் முகத்தை மனசில் வைத்துக்கொண்டு நான் அந்த வேலையைச் செய்தேன். அவள் கை எந்தக் கயிற்றின் பக்கம் போனாலும், “அத்த!” என்று கத்துவேன்.

“அண்ணனுக்கு என் மேல எவ்ளோ உசுரு பார்த்தீங்களா அண்ணி,” என்றாள் அத்தை ஒருநாள். நிஜமாகத்தான் சொன்னாளா? இந்த வயதில் அந்தக் குரலை எத்தனை தடவை நினைவில் ஓட்டிப் பார்த்துவிட்டேன், இன்னும் பிடிபடவில்லை. அம்மா மட்டும் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல், “ஆமா, உசுருதான்,” என்றாள்.

அப்பா தன் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனார். போய்விட்டு வந்து கைகால் கழுவி, சாப்பிட்டு முடித்து, தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்.

“நாளைக்கு ஓரிக்கையில கொண்டுபோய் வுட்டுட்டு வந்துடறேன்.”

அத்தை ஒன்றும் புரியாமல் சிரித்தாள். “யார?”

“கட்டிக்குடுத்த எடம்னு ஒண்ணு இருக்குதில்ல. அஞ்சாம் மாசத்துலயே இங்க வந்து ஒக்காந்துக்கினா நாலு பேரு இன்னா பேசுவான்? ஏழாம் மாசம் வளையல் போட்டு, முறையா கூட்டிக்கினு வரேன். அதுக்கப்பறம் பாத்துக்கலாம்.”

“நீதானே இருன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“நான் நூல தொடல அண்ணா. நீ சொன்னதுலேர்ந்து ஒரு நூலத் தொட்டிருப்பனா? இதோ, இவளயே கேளு.” என்னைக் காட்டினாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன். தொடவில்லை, நான் விடவில்லை.

அப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பாவக்கூட நீ சொல்லித்தானே அண்ணா பிணைச்சேன்.”

“அதுக்குன்னு?” என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகச் சொல்லலாம், மனிதர்கள் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள். அவர் சொன்னது கதவைச் சாத்துகிற விதம்.

அம்மா குறுக்கே வந்தாள். “படமரம் இடிக்குதுன்னு சொல்லுறாளே, காதுல வுழலியா?”

“ஊர்ல மாசமான பொம்பளைங்க யாருமே நெய்யலியா? இவ மட்டுந்தான் அதிசயமா?”

நூலைத் தொட்டால் ஆபத்து என்று சடையைக்கூடப் பின்னவிடாத அதே வாய்தான் அதைச் சொன்னது. எனக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை. நெய்வதில் முறுக்கு இல்லை, அதனால் தென்னேரி மாமாவுக்கு ஆபத்தில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

காலையில் அத்தை கிளம்பினாள். கொடியில் கிடந்த துணிகளைத் தொட்டுப்பார்த்தாள். ராத்திரித் தூறலில் நனைந்து ஈரமாக இருந்தன. “காயட்டும், அப்பால குடுத்து அனுப்புறேன்,” என்று அம்மா சொன்னாள். பஸ்ஸில் அப்பா முன்னால் நின்றார், அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வயிற்றின் மேல் கை வைத்திருந்தாள், கூட்டத்தில் குழந்தையின் காதைப் பொத்துகிறவள் மாதிரி. எனக்குக் கையாட்டவில்லை.

ஆவணிச் சேலை நன்றாக வந்தது. முதலாளி அப்பாவின் வேலையைப் பாராட்டினார்.

வளையல் வாங்குவதற்கு முன்பே ஓரிக்கையிலிருந்து ஆள் வந்தது. பெரியாஸ்பத்திரிக்கு அப்பா, அம்மா, நான் மூவரும் ஓடினோம். பிரசவ வார்டின் வெளியே அத்தையின் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். யாரும் எதுவும் சொல்லாமலே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆண் குழந்தை. குறைமாதம். அழவே இல்லையாம்.

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்தார். அப்பா அவரை நோக்கிப் போனார், நான் அப்பாவின் விரலைப் பிடித்திருந்தேன். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்கப்போகிறார் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன்.

“ஏம்மா, கொடி சுத்தி இருந்துச்சா?”

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இல்லப்பா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

என் கையிலிருந்த விரல் தளர்ந்தது. அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அதற்கப்புறம்தான் அழுதார். குலுங்கிக் குலுங்கி, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதார். “தங்கச்சி மேல இப்படி பாசம் வெச்ச மனுசன நான் பார்த்ததில்ல,” என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மாள் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அத்தை மல்லாந்து படுத்திருந்தாள். மேடாக இருந்த இடம் சரிந்திருந்தது. அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அத்தை அழவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலோடு நின்றுவிட்டார். எனக்கு அத்தையை எப்படியாவது தேற்ற வேண்டும்போல இருந்தது. அத்தனை பேரில் நல்ல செய்தி வைத்திருந்தது நான் ஒருத்திதான். கட்டிலருகே போய் அவள் காதோடு சொன்னேன்.

“அழாத அத்த. கொடி சுத்தலியாம், நர்ஸ் சொன்னாங்க. தாய்மாமனுக்கு ஒண்ணும் ஆகாது.”

அத்தை என் பக்கம் திரும்பினாள். பிறகு என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தாள், அங்கே நின்றவரைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். சத்தமாகத்தான் சிரித்தாள், அம்மா எழுந்து அவள் வாயைப் பொத்துகிற அளவுக்கு.

திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் இல்லை, அப்பாவின் மடியில்தான் உட்கார்ந்து வந்தேன். “அத்தைய நான் சிரிக்க வெச்சுட்டேன்பா,” என்று சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார், களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிழைத்தது எந்தத் தாய்மாமன் என்று தெரியாமல், அவர் மடியிலேயே சாய்ந்துகொண்டு, தென்னேரி மாமாவுக்காகச் சந்தோஷப்பட்டபடி வந்தேன்.